நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது

கணிப்பொறி பழுதுபார்க்கும் கடைகளில் அதிகமாக ஒலிக்கும் வாக்கியம் 'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது' என்பதாகவே இருக்க வேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பித்திருப்பார்கள். ஒருமுறை அணைந்து எழ வேண்டும் என்று இயந்திரம் கேட்டிருக்கும். அணைந்தது, எழவில்லை. நீலத்திரையோ, கறுப்புத்திரையில் இரண்டு வரி ஆங்கிலமோ, எதையும் காட்டாமல் மீண்டும் மீண்டும் தொடங்கும் சுழலோதான் மிச்சம். உடனே, புதிதாக வந்தது எதுவோ அதன்மேல் பழி விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. காம்பு எப்போது இற்றது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தக் காம்பைப் பற்றியதே இக்கட்டுரை. இலக்கியமும் வரலாறும் பேசும் இடத்தில் கணிப்பொறிக் கோளாறுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். நாள், காரணம், சான்று ஆகியவற்றோடு சொல்லத்தக்க ஒரு வரலாறு இதற்கும் இருக்கிறது. அதை அறியாமையால் இழந்தவை நம் எழுத்துகளாகவே இருந்திருக்கின்றன என்பது இன்னொரு காரணம்.

முதலில், இயந்திரம் எழும் முறையைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பூட்' என்னும் சொல் 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் குறுக்கம். உயரமான காலணியை இழுத்து மாட்டிக்கொள்வதற்காக அதன் விளிம்பில் தைக்கப்பட்ட வாருக்கு அப்பெயர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும், நடக்கவே முடியாத செயலைக் குறித்த கேலிவழக்கிலிருந்து இச்சொல் கணிப்பொறித் துறைக்கு வந்தது. பொருத்தமான சொல் என்றே நாம் கருதுகிறோம். இயங்குதளம் வன்தட்டில் இருக்கிறது. வன்தட்டை முறையாகப் படிக்கத் தெரிந்ததோ அந்த இயங்குதளம்தான். மின்சாரம் பாய்ந்த கணத்தில் இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணிப்பொறியின் மரபில் வந்த இயந்திரங்களில், பயாஸ் என்னும் சிறு நிரல் சில்லு ஒன்றில் பதிந்திருக்கும். அது வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அதில் உள்ளதை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும். அந்த 512-இல் 64 பைட்டுகள் வன்தட்டின் பிரிவினைக் கணக்குக்கும், கடைசி 2 பைட்டுகள் 'இது செல்லுபடியாகும்' என்ற முத்திரைக்கும் போய்விட, நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகளே. யூனிகோடு முறையில் தமிழில் ஒரு வெண்பா எழுதினால் ஏறத்தாழ நிரம்பிவிடும் இடம்! அச்சிறு நிரல் அடுத்த நிரலைத் தேடி எழுப்பும். அது இயங்குதளத்தின் கருநிரலான கெர்னலையும், தொடக்கத்திலேயே தேவைப்படும் டிரைவர்களையும் ஏற்றும். கெர்னல் மற்றச் சேவைகளை எழுப்பும். இறுதியில் கடவுச்சொல் கேட்கும் திரை வரும்.

இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணியை மட்டுமே தெரியும். ஆகையால் இயந்திரம் எங்கே நின்றது என்பதே முதல் சான்று. கறுப்புத்திரையில், கோப்பு ஒன்றைக் காணவில்லை என்ற ஒற்றை வரியோடு நின்றால் கோளாறு கெர்னலுக்கு முன்னால். விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத்திரை என்றால் பெரும்பாலும் டிரைவர். கடவுச்சொல் கொடுத்த பின்னர் உறைந்தால், பின்னால் ஏறும் ஏதோ ஒரு சேவையோ செயலியோ காரணமாகலாம். அகழாய்வுக் குழியில் எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்தபோது, அதை உருவாக்கியவர்களுக்கு மேம்படுத்தலின் ஆபத்து நன்றாகவே தெரிந்திருந்தது. சிம்சிட்டி என்னும் புகழ்பெற்ற விளையாட்டைப் பற்றி மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவு செய்த செய்தி ஒன்று உண்டு. அவ்விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதியையே மறுபடியும் படித்துக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய சாவியால் திறந்து உள்ளே போவதைப் போன்ற தவறு இது. முந்தைய விண்டோஸில் அந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் உடனே வராததால் தவறு வெளியே தெரியவில்லை. புதிய இயங்குதளத்தில் அது தெரியவந்தபோது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் விளையாட்டைக் குறை கூறவில்லை. சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாதபடி இயங்குதளத்திலேயே ஒரு தனிவழி வகுத்துவிட்டார்கள். பெருந்தன்மை என்பதா, வணிக அறிவு என்பதா? இரண்டும்தான்.

அதே விண்டோஸ் 95-க்கே பிறகு எதிர்த்திசையிலிருந்து அடி விழுந்தது. அதன் ஒரு பகுதி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒரு சுழற்சியை ஓடவிட்டு, ஆன நேரத்தால் வகுத்துக் காலத்தை அளந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே6-2 செயலி 350 மெகாஹெர்ட்ஸ் வேகத்தையும் கடந்து வந்தபோது, சுழற்சி அளக்க முடியாத விரைவில் முடிந்துவிட்டது. ஆன நேரம் சுழி. சுழியால் வகுத்தால் என்னாகும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. இயந்திரம் தொடங்கும்போதே விழுந்தது. புதிய செயலி தவறு எதையும் செய்யவில்லை, விரைவாக இருந்தது, அவ்வளவே.

இவை முன்னுரை. நம் கருத்துக்கு வலுவான சான்றுகள் எக்ஸ்.பி. காலத்தில்தான் கிடைக்கின்றன.

2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி., நம் ஊர்க் கல்லூரிகளிலும் வீடுகளிலும் மிக நீண்டகாலம் வேரூன்றி நின்ற இயங்குதளம். அதற்கான மூன்றாவது சர்வீஸ் பேக், அதாவது திருத்தங்களின் பெருந்தொகுப்பு, 2008 மே 6 அன்று பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. நிறுவிய பலரின் கணிப்பொறிகள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, முடிவில்லாச் சுழலில் சிக்கின. பெரும்பாலானவை எச்.பி. நிறுவனத்தின் கணிப்பொறிகள்; ஏ.எம்.டி. செயலி கொண்டவை. மைக்ரோசாஃப்டின் முன்னாள் பாதுகாப்பு வல்லுநர் ஜெஸ்பர் ஜோஹான்சன் அப்போது இதைத் துப்பறிந்து எழுதினார். கிடைத்த விடை வியப்பானது.

கணிப்பொறி தயாரிப்பாளர் ஒவ்வோர் இயந்திரத்திலும் தனித்தனியே இயங்குதளத்தை நிறுவுவதில்லை. ஒரு மூல இயந்திரத்தில் நிறுவி, அதன் வன்தட்டை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் இறக்கிவிடுவார்கள். இங்கே மூலம் இன்டெல் செயலி கொண்ட இயந்திரம். படிகள் இறங்கியதோ ஏ.எம்.டி. இயந்திரங்களிலும். இன்டெல் செயலிக்குரிய டிரைவர் ஒன்றை ஏற்றுமாறு சொல்லும் குறிப்பு, ரெஜிஸ்ட்ரி எனப்படும் அமைப்புப் பதிவேட்டில் அப்படியே தங்கிவிட்டது. அதுவரை தீங்கில்லாமல் கிடந்த அந்தக் குறிப்பு சர்வீஸ் பேக் வந்ததும் உயிர்பெற்றது. டிரைவர் ஏறியது, தனக்கு உரியதல்லாத செயலியின்மேல் கைவைத்தது, இயந்திரம் சாய்ந்தது. 2004-இல் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோதே இதே கோளாறு தலைகாட்டியிருந்தது. இவ்வாறு படியெடுப்பது ஏற்புடையதன்று என மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலும் எழுதிவைத்திருந்தது. படித்தவர் எவரோ! ஏடு பெயர்த்து எழுதியவரின் பிழை தலைமுறை கடந்து பாடவேறுபாடாக வந்து நிற்பதைக் கண்டு பழகிய நமக்கு இக்கதை புதிதாகத் தோன்றவில்லை.

தீர்வு எளியது, வழி தெரிந்தவர்களுக்கு. தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். 'பழுது நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே' என்ற தேர்வு அதில் உண்டு. அதைத் தேர்ந்தால் சுழல் நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துகொண்டிருந்த நீலத்திரை படிக்கும்படி நிற்கும். எக்ஸ்.பி.யின் இயல்பான அமைப்பு பிழைச் செய்தியைப் பயனரின் கண்ணுக்குக் காட்டாமலே மறுதொடக்கம் செய்துவிடும். அச்சுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சான்றை மறைத்த அமைப்பு இது. நமக்கு இதில் உடன்பாடில்லை. பட்டியலிலேயே உள்ள 'சேஃப் மோட்' வழியாக நுழைந்தால், இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே ஏறும். பழிக்கு உரிய டிரைவர் ஏறாததால் இயந்திரம் எழுந்துவிடும். பிறகு பதிவேட்டில் அந்த டிரைவருக்குரிய தொடக்க மதிப்பை 4 என்று மாற்ற வேண்டும். 0 என்றால் மிக முதலில் ஏற்று, 4 என்றால் ஏற்றாதே என்று பொருள். ஒற்றை எண் மாற்றம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஒற்றை எண்ணைத் தேடும் பொறுமை நம் ஊரில் பலருக்கு இருந்ததில்லை. 'பார்மட் அடித்துவிடலாம்' என்பதே எல்லா நோய்க்கும் மருந்தாயிருந்தது. நாம் அறிந்த ஆய்வு மாணவர் ஒருவர், எழாத கணிப்பொறியைக் கடையொன்றில் கொடுத்தார். மாலையில் அது புத்தம்புதிதாக எழுந்து வந்தது. நான்காண்டு உழைப்பில் தட்டச்சு செய்த மூன்று இயல்களும், நாட்டுப்புறப் பாடல் தொகுப்பும் அதில் இல்லை. எழாத இயந்திரத்தின் வன்தட்டில் எழுத்துகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். தொடங்கும் வழிதான் அடைபட்டிருக்கிறதே தவிர, வீட்டுக்குள் இருக்கும் பொருள் எரிந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் போன்ற, குறுவட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைக்கொண்டு அந்த இயந்திரத்தை எழுப்பிக் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டிருக்கலாம். அரைமணி நேர வேலை. அல்லது வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்திருக்கலாம். கடைக்காரருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டோம். கேட்கவில்லை, செய்யவில்லை. விபத்து அழிக்காததை மருந்து அழித்தது.

அடுத்து, 2010 பிப்ரவரி. நம் பார்வையில் இவ்வரலாற்றின் நடுநாயகம் இதுவே.

அவ்வாண்டு ஜனவரியில், கூகுளில் பணியாற்றிய டேவிஸ் ஆர்மண்டி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், விண்டோஸில் 17 ஆண்டுகளாகக் கவனிக்கப்படாமல் இருந்த ஓட்டை ஒன்றை வெளிப்படுத்தினார். பழைய டாஸ் காலத்து 16 பிட் நிரல்களைப் புதிய விண்டோஸில் ஓட்டுவதற்காக 1993-இல் விண்டோஸ் என்.டி.யில் வைத்த பகுதியில் அது இருந்தது. கெர்னலைத் திருத்தும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் பிப்ரவரி 9 அன்று வெளியிட்டது. மறுநாளே புகார்கள். எக்ஸ்.பி. கணிப்பொறிகள் நீலத்திரையில் விழுந்து எழ மறுத்தன. இம்முறை சேஃப் மோடும் கைகொடுக்கவில்லை. பயனர்கள் தாமே ஒரு சோதனை செய்தார்கள்: விண்டோஸ் குறுவட்டால் தொடங்கி, மீட்புத் திரையிலிருந்து அந்தப் புதுப்பிப்பை நீக்கினார்கள். இயந்திரம் எழுந்தது. குற்றவாளி யார் என்பதில் இனி ஐயம் உண்டா? புதுப்பிப்பை வைத்தால் சாகிறது, எடுத்தால் பிழைக்கிறது. மைக்ரோசாஃப்டும் பிப்ரவரி 11 அன்று தானியங்கி விநியோகத்தை நிறுத்திவைத்தது.

விடை பிப்ரவரி 17 அன்று உறுதியானது. விழுந்த இயந்திரங்களில் அலூரியான் என்னும் ரூட்கிட் முன்பே குடியேறியிருந்தது. ரூட்கிட் என்பது இயங்குதளத்தின் வேருக்குள் புகுந்து தன்னை மறைத்துக்கொள்ளும் தீநிரல். இது வன்தட்டோடு பேசும் 'அடாபி' என்ற டிரைவர் கோப்புக்குள் ஒளிந்திருந்தது. வன்தட்டு இல்லாமல் எந்த மோடும் எழ முடியாதாகையால் சேஃப் மோடிலும் அது கூடவே ஏறியது. பயனரின் கடவுச்சொற்களையும் கடனட்டை விவரங்களையும் திருடுவது அதன் தொழில். அந்தத் திருடன் கெர்னலுக்குள் எந்தப் பணி எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தான். புதுப்பிப்பு கெர்னலை மாற்றியதும் முகவரிகள் இடம்பெயர்ந்தன. பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டியபோது அங்கே சுவர் இருந்தது. இயந்திரம் விழுந்தது.

புதுப்பிப்பை நீக்கி இயந்திரத்தை எழுப்பியவர்கள் செய்த சோதனையில் குறையில்லை; அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. அவர்கள் மீட்டெடுத்தது நலமான கணிப்பொறியை அன்று, திருடன் தங்குவதற்கு வசதியான கணிப்பொறியை. 'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது' என்ற வாக்கியம் இந்த அளவுக்குப் பொய்த்த இடம் வேறில்லை. இதைவிடக் கசப்பான செய்தியும் உண்டு. புதிய கெர்னலிலும் விழாமல் ஓடும்படி ரூட்கிட்டை எழுதியவர்கள் அதை உடனே திருத்தி வெளியிட்டுவிட்டார்கள். தங்கள் 'வாடிக்கையாளர்' பிடிபட்டுவிடக்கூடாதே என்ற அக்கறை! மைக்ரோசாஃப்ட் மார்ச் 2 அன்று, கெர்னலில் இயல்புக்கு மாறான நிலை தெரிந்தால் நிறுவ மறுக்கும் சோதனையையும் சேர்த்துப் புதுப்பிப்பை மறுபடி வழங்கியது.

'அப்டேட்டை அணைத்துவையுங்கள்' என்ற அறிவுரை அக்காலத்தில் நம் ஊரில் பரவியிருந்ததற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே அடிப்படை. உரிமம் இல்லாத படிகள் பெருகியிருந்தது இன்னொரு காரணம். தமிழ் எழுதுவோருக்கு மூன்றாவது காரணமும் இருந்தது. விண்டோஸ் 2000-லேயே யூனிகோடு தமிழ் வந்துவிட்டபோதும், தாப், தாம், திஸ்கி என்று பலவகைக் குறியேற்றங்களில் கோப்புகளைக் குவித்துவைத்திருந்தோர், பழைய எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் புதியதில் ஓடாமற்போகும் என்று அஞ்சி எக்ஸ்.பி.யிலேயே தங்கினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற பிறகும் அங்கேயே இருந்தவர்கள், பூட்டாத வீட்டில் ஓலைச்சுவடி வைத்திருந்தவர்களே.

புதியது எப்போதுமே குற்றமற்றது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் மேம்படுத்தல் சில பயனர்களின் ஆவணங்களையே அழித்தது. 'ஆவணங்கள்' கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியபின், பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள் அவர்கள். வெற்றுக் கோப்புறையின் இரட்டைப் பிரதியை நீக்குவதாக எண்ணி எழுதிய நிரல், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் நீக்கிவிட்டது. சில நாள்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் அது மீண்டும் வந்தது. மேம்படுத்தலுக்கு முன் எழுத்துகளை வெளியே ஒரு படி எடுத்துவைக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் விழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கணிப்பொறிகள். காரணம் இயங்குதளத்தின் மேம்படுத்தல் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் சிறு தரவுக் கோப்பு. அந்நிறுவனமே வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்தால் மறுபடியும் இற்றுப்போன காம்புதான். அவர்களின் மென்பொருள் ஒருவகைச் செய்திக்கு 21 உள்ளீடுகள் வரும் என அறிவித்திருந்தது. உண்மையில் தரப்பட்டவை 20. இந்தப் பொருந்தாமை அவ்வாண்டு பிப்ரவரியிலேயே நுழைந்துவிட்டது. 21-ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்றிருந்தவரை யாரும் அதைத் தொடவில்லை. ஜூலை 19 அன்று வந்த கோப்புதான் முதன்முதலாக அவ்விடத்தைப் படிக்கச் சொன்னது. படிக்கப் போனது, இல்லாத இடத்தில் கால்வைத்தது. தவறான கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப்பெற்றும் பயனில்லை. எழாத இயந்திரத்துக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில், அதற்கு முன்னால் 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. அந்தச் சாவிகளைச் சேமித்துவைத்திருந்த கணிப்பொறியும் விழுந்துகிடந்த அலுவலகங்கள் உண்டு.

அடுத்த மாதமே, விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணிப்பொறியில் வைத்திருந்தவர்களுக்குச் சோதனை வந்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, ஓட்டையுள்ள பழைய தொடக்க நிரல்களை இனி ஏற்காதே என்று இயந்திரத்தின் நிலைநினைவகத்தில் எழுதியது. லினக்ஸ் பக்கம் நுழைய முயன்றவர்களுக்குப் 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்ற செய்தியே கிட்டியது. இரட்டை இயங்குதளம் உள்ளவற்றைத் தொடமாட்டோம் என்று சொல்லியிருந்தும் தொட்டுவிட்டது மைக்ரோசாஃப்டின் பிழை. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத தொடக்க நிரலை வைத்திருந்தது மறுபக்கத்தின் பிழை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிவுக்கு வந்ததால், மேம்படுத்துவதா என்ற கேள்வி நண்பர்கள் பலர் முன்னால் மறுபடியும் வந்து நிற்கிறது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, பழைய பயாஸுக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையைக் கேட்கிறது; அந்த 446 பைட்டு வெண்பாவுக்கு அங்கே வேலையில்லை. 32 பிட் வடிவமும் அதற்குக் கிடையாது. 16 பிட் டாஸ் நிரல்களுக்காக 1993-இல் வைத்த அந்தப் பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே இருந்துவந்தது; ஆகவே விண்டோஸ் 11-இல் அது இல்லை.